லாஷிங் முடியுற வரைக்கும் கயித்தை அவுக்கச் சொல்லாதீங்க: கப்பல் கம்பெனிகளுக்கு ஒரு போசனோட திறந்த மடல்

கப்பல் மேனேஜ்மென்ட் கம்பெனி சூப்பிரண்டெண்ட் சார்களுக்கும், சார்ட்டரிங் டெஸ்க்ல உக்காந்து கப்பலோட நேரத்தைக் கணக்கு போடுறவங்களுக்கும், எங்க கேப்டன் சார், சீஃப் ஆபீசர் சார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தூத்துக்குடிக்காரன். ஜி.பி. ரேட்டிங்னு மாலுமி கோர்ஸ் முடிச்சு, கடைநிலை மாலுமியான ஓ.எஸ். ஆ ஏறி, அனுபவ மாலுமியான ஏ.பி. ஆகி, இப்போ டெக் ஆளுங்களுக்குத் தலைவனான போசனா ஓடிட்டிருக்கேன், பெரும்பாலும் ஜெனரல் கார்கோ, மல்ட்டி பர்ப்பஸ் கப்பல்தான். எக்ஸ்கவேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், காத்தாலை டவர், ஜெனரேட்டர், பேரு தெரியாத மிஷினு அடைச்ச மரப்பெட்டின்னு டெக்ல ஏத்தி கட்டாத சாமான் இல்ல. எங்க ஊரு வ.உ.சி. துறைமுகத்துலயே 80 மீட்டருக்கு மேல நீளமுள்ள காத்தாலை றெக்கைங்க ஏறுது, அதையெல்லாம் பாத்துட்டு ஊர்ல எல்லாரும் எப்படி தூக்குறாங்கன்னுதான் கேப்பாங்க, தூக்குன பிறகு அதை யாரு எப்படி கட்டுறான்னு யாரும் கேக்கறதில்ல. செயினாலயும் வயராலயும் டெக்கோட சேத்து கட்டுற அந்த லாஷிங் வேலையைப் பத்திதான் இந்த மடல்.

நான் கேக்கறது இதுதான். டெக்ல ஏத்துற கனமான சாமானோட உண்மையான எடையும், அதுக்கு போட்ட லாஷிங் கணக்கும், கட்டுற எங்க கையில வந்து சேரணும். கட்டி முடிச்சு சீஃப் ஆபீசர் சுத்தி வந்து பாத்த பிறகுதான் கப்பலை துறைமுகத்தோட கட்டியிருக்குற கயித்தை அவுக்கணும். அவ்வளவுதான் சார்.

இதை இப்போ எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. 2026 ஜனவரி 1லிருந்து சோலாஸ்ங்கற சர்வதேச கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்துல புது ரூல் வந்திருக்கு, 2-1 அத்தியாயத்துல 3-13ன்னு நம்பர். கப்பல்ல இருக்குற கிரேன், டெரிக், எல்லா தூக்குற சாமானுக்கும், அதோட போற ஷாக்கிள், ஹூக்கு, ஸ்லிங் மாதிரி லூஸ் கியருக்கும் டிசைன், லோட் டெஸ்ட், பரிசோதனை, மெயின்டனன்ஸ், எவ்வளவு எடை வரைக்கும் பத்திரமா தூக்கலாம்னு காட்டுற எஸ்.டபிள்யூ.எல். மார்க்கிங் எல்லாம் இருக்கணும்னு சொல்லுது, பழைய கப்பலுக்கும் அந்த தேதிக்குப் பிறகு வர்ற முதல் ரினியூவல் சர்வேக்குள்ள டெஸ்ட் முடிச்சாகணும். நல்ல ரூல், ரொம்ப நாளாவே வந்திருக்க வேண்டிய ரூல். இதுக்கு முன்னாடியும் ஐ.எல்.ஓ.ங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்போட 152ஆம் நம்பர் ஒப்பந்தம் 1979லேயே வருஷத்துக்கு ஒருதடவை முழு பரிசோதனை, அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை லோட் டெஸ்ட்னு சொல்லிட்டுத்தான் இருந்தது, அதையெல்லாம் பதியற செயின் ரெஜிஸ்டர்னு ஒரு புக்கு எல்லா கப்பல்லயும் இருக்கும். இப்போ ஆபீஸ்ல இருந்து வர்ற மெயில் எல்லாம் சர்ட்டிபிகேட் பத்தியே இருக்கு, இந்த சர்ட்டிபிகேட் ரெடியா, அந்த டேக் போட்டாச்சா, போட்டோ அனுப்புங்கன்னு. சரி, கிரேன் சாமானை பத்திரமா டெக்குல வெச்சிடும். ஆனா வெச்ச நிமிஷத்துல இருந்து அடுத்த துறைமுகம் வரைக்கும் அந்த சாமான் எங்க கட்டை நம்பித்தானே இருக்கு, அதுக்கு ஒரு மெயில் கூட வரலையே சார்.

முதல்ல எடை. பெட்டியில 12 டன்னுன்னு பெயின்ட்ல எழுதியிருக்கும், பேக்கிங் லிஸ்ட்ல வேற நம்பர் இருக்கும், கிரேன் கேபின்ல இருக்குற இண்டிகேட்டர் மூணாவதா ஒரு நம்பர் காட்டும். 1,000 கிலோவும் அதுக்கு மேலயும் இருக்குற பார்சல் மேல எடையை எழுதியே ஆகணும்னு 1929லேயே ஐ.எல்.ஓ. ஒப்பந்தம் போட்டாங்க, இந்தியா அதை 1931ல ஏத்துக்கிச்சு, சோலாஸ்லயும் சரக்கு அனுப்புறவர் விவரத்தை ஏத்துறதுக்கு முன்னாடியே எழுத்துல கொடுக்கணும்னு இருக்கு. ஆனா நடக்கறது என்ன? எக்ஸ்கவேட்டர் ஒண்ணு வருது, கேட்டலாக்ல 21 டன். டேங்க்ல டீசல் ஃபுல்லு, டிராக்குல அப்பின மண்ணு காஞ்சு போய் அப்படியே இருக்கு, பக்கெட்டுக்குள்ள இன்னொரு பக்கெட்டைப் போட்டு, அதோட பாறை உடைக்கிற பிரேக்கரையும் சேத்து கட்டி அனுப்பியிருக்காங்க, பிரேக்கர் மட்டுமே ஒன்றரை டன்னு வரும். இதெல்லாம் சேந்தா அது 21 டன்னா? தூக்குற ஸ்லிங் 21க்கு பாத்து எடுத்தது, கட்டுற செயினும் 21க்கு பாத்து எடுத்தது.

ஸ்லிங் போடுற கோணத்தைப் பத்தி துறைமுகத்துல சரக்கு ஏத்தி இறக்குற ஸ்டீவடோர் கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. 40 டன் சாமானை ரெண்டு கால் ஸ்லிங்ல தூக்குறோம்னா ஒரு காலுக்கு 20 டன்னுன்னு பல பேரு நினைக்கிறாங்க, அது கால் ரெண்டும் நேரா செங்குத்தா நின்னா மட்டும்தான். ரெண்டு காலுக்கும் நடுவுல 60 டிகிரி விரிஞ்சாலே ஒரு காலுக்கு 23 டன்னு, 90 டிகிரின்னா 28 டன்னுக்கு மேல, 120 டிகிரிக்கு விரிச்சீங்கன்னா ஒவ்வொரு காலுலயும் முழுசா 40 டன். ஸ்லிங் நீளம் பத்தலைன்னு விரிச்சு மாட்டி தூக்குறதை நான் பல துறைமுகத்துல பாத்திருக்கேன், ஸ்லிங் காலு விரியாம நேரா நிக்க வெக்கிற ஸ்ப்ரெடர் பீம் குடோன்ல இருக்கு, எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் ஆகும்னு சொல்லுவாங்க. அந்த ஒரு மணி நேரத்தை கொடுங்க.

வயரை சோதிக்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, அதையும் எங்க பசங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கணும். வயரோட விட்டத்துக்கு எட்டு மடங்கு நீளத்துல மொத்த கம்பியில பத்துல ஒரு பங்குக்கு மேல அறுந்து தெரிஞ்சா அந்த வயரு கழிச்சுப் போட வேண்டியது. 24 மில்லிமீட்டர் வயருன்னா 192 மில்லிமீட்டர், ஒரு சாண் கூட இல்ல, அவ்வளவு சின்ன நீளத்துல எண்ணணும். கிரீஸ் அப்பியிருக்குற வயருல அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியாது, பழைய துணியைச் சுத்தி மெதுவா இழுத்தா துணி மாட்டும், மாட்டுன இடத்துல துடைச்சுட்டு எண்ணணும். இதுக்கு நேரம் வேணும், வெளிச்சம் வேணும், ஹேட்ச் திறக்குறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போசன் கியர் செக் பண்ணிட்டியான்னு வாக்கி டாக்கில கேட்டா நான் என்ன சொல்றது.

லோட் டெஸ்ட்டையே லேசா எடுத்துக்காதீங்க. 2020 ஆகஸ்ட் 1ஆம் தேதி விசாகப்பட்டினம் இந்துஸ்தான் ஷிப்யார்டுல 70 டன் கிரேனை சோதனை பண்ணும்போது சாஞ்சு 11 பேரு செத்தாங்க. அதே வருஷம் மே மாசம் ஜெர்மனில ராஸ்டாக்ல ஓரியன்ங்கற கப்பலோட 5,000 டன் கிரேன், 5,500 டன் டெஸ்ட்டுக்குப் போற வழியில 2,600 டன் பக்கத்துலயே ஹூக்கு உடைஞ்சு, பூமே பின்னாடி மடங்கி விழுந்துச்சு. உலகத்துலயே பெரிய கம்பெனிங்க, புத்தம் புது சாமான், அப்படி இருந்தும். டெஸ்ட் பண்ற அன்னிக்கு தேவையில்லாத ஒரு ஆளு கூட கிரேனுக்குக் கீழயோ மேலயோ இருக்கக்கூடாது, எங்க பசங்களை போட்டோ எடுக்க நிறுத்தாதீங்க.

இன்னொண்ணு, கப்பலோட சொந்த கிரேன்ல தூக்கும்போது கப்பலே சாயுங்கற விஷயம். டெக்குல இருக்குற சாமானை ஒரு அங்குலம் மேல தூக்குன உடனே அந்த எடை முழுசும் கிரேன் தலையில போய் உக்காந்த மாதிரிதான் கப்பலுக்கு, கணக்குப்படி அப்படித்தான். 2003 டிசம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவுல ஆல்பனி துறைமுகத்துல ஸ்டெல்லாமேர்ங்கற ஹெவி லிஃப்ட் கப்பல், 300 டன்னுக்கு மேல இருக்குற ஜெனரேட்டரை ஏத்தும்போது பெர்த்துலயே கவுந்துச்சு, மூணு பேரு போயிட்டாங்க. நடுக்கடல்ல இல்ல, புயல்ல இல்ல, கயிறு கட்டி நின்ன இடத்துல. பெரிய லிஃப்ட் நடக்கும்போது டேங்க் தண்ணியை மாத்தி கப்பல் சாயாம பாத்துக்குற பேலஸ்ட் ஆபீசரை வேற வேலைக்கு கூப்பிடாதீங்க, ஏஜென்ட் பேப்பரோட வந்து நின்னாலும் காத்திருக்கட்டும்.

இப்போ கட்டுற விஷயம். சரக்கை அடுக்கிக் கட்டுறதுக்கு சி.எஸ்.எஸ். கோடுன்னு சர்வதேச கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 1991ல கொடுத்த புக்கு எல்லா சீஃப் ஆபீசர் கேபின்லயும் இருக்கு, அதுல 13ஆம் அனெக்ஸ்ல லாஷிங் கணக்கு முழுசா இருக்கு. அது கேபின்லயே இருக்குங்கறதுதான் எங்க பிரச்சனை. அதுல இருக்குற ஒரு சின்ன பட்டியலை மட்டும் டெக் ஸ்டோர் கதவுல ஒட்டி வெச்சாலே எவ்வளவோ மாறும். இரும்பு மேல இரும்பு, காஞ்சிருந்தா உராய்வு 0.1, நனைஞ்சிருந்தா பூஜ்யம். இரும்புக்கு நடுவுல மரமோ ரப்பரோ போட்டா 0.3. இதுக்கு என்ன அர்த்தம்னா 30 டன் எக்ஸ்கவேட்டரை நனைஞ்ச டெக்கு மேல இரும்பு டிராக்கோட வெறுமனே நிறுத்துனீங்கன்னா தன் எடையால அது ஒரு கிலோ கூட பிடிச்சு நிக்காது, எல்லா பாரமும் செயின் மேல. அடியில டன்னேஜ்னு சொல்ற மரப்பலகை போட்டு நிறுத்துனா 9 டன் அளவுக்கு அதுவே பிடிச்சுக்கும். ஒரு பலகை சார்! அந்த பலகை வேணும்னு ஆபீசுக்கு இண்டெண்ட் போட்டா பழைய பலகையை யூஸ் பண்ணுன்னு பதில் வருது, பழைய பலகைல பாதி எண்ணெய் ஊறிக் கிடக்கு.

அடுத்தது எம்.எஸ்.எல்., அதாவது ஒரு கட்டு தாங்கும்னு கணக்குல அதிகபட்சமா எடுக்கலாம்ங்கற பாரம். செயின் 13 மில்லிமீட்டர், உடையுற பலம் 20 டன்னு, ஆனா கணக்குல எடுக்க வேண்டியது அதுல பாதி, 10 டன்தான். திரும்பத் திரும்ப யூஸ் பண்ற வயருக்கு இன்னும் கம்மி, 30 சதவீதம். ஒரு தடவை மட்டும் கட்டிட்டு தூக்கிப் போடுற வயருன்னா 80 சதவீதம் எடுத்துக்கலாம், ஒரு தடவைக்குன்னு வாங்குன வயரை நாலாவது ட்ரிப்புக்கும் அதே 80ல கணக்கு போடுற கப்பல் இருக்கு, அதை நிறுத்துங்க. சாமானோட எடை எவ்வளவோ அவ்வளவு எம்.எஸ்.எல். இடது பக்கமும் தனியா வேணும் வலது பக்கமும் தனியா வேணும், ரெண்டு பக்கமும் சேத்து இல்ல, இது அந்த கோடுலயே இருக்குற எளிய கணக்கு. 30 டன்னுக்கு ஒரு பக்கத்துக்கு குறைஞ்சது மூணு செயின். ஆனா செயின் 10 டன்னா இருந்தாலும் அது மாட்டியிருக்குற டெக்கு வளையமான டி-ரிங் 5 டன்னுக்கு உள்ளதுன்னா அந்த கட்டே 5 டன்தான். துரு ஏறி அடிப்பக்கம் பாதியா தேஞ்ச டி-ரிங்குக்கு மேல மஞ்சள் பெயின்ட் அடிச்சா பலம் வந்துடாது, சுத்தியலால தட்டி சத்தம் கேட்டுப் பாக்கணும், வெல்டு ஓரத்துல கீறல் இருக்கான்னு டார்ச்சு அடிச்சுப் பாக்கணும்.

செயினை செங்குத்தா இழுத்து கட்டுறதும் நிறைய நடக்கு, இடம் பத்தலைன்னு. டெக்குல இருந்து 60 டிகிரிக்கு மேல போன லாஷிங், சாமான் கவுறாம பாத்துக்கும், வழுக்காம பாத்துக்காது, அதை வழுக்கலுக்கு கணக்குல சேக்கக்கூடாது. ஸ்டோவேஜ் பிளான் போடுறவர் ரெண்டு மிஷினுக்கு நடுவுல அரை மீட்டர் மட்டும் விட்டு அடுக்குனா எங்களால செங்குத்தாத்தான் கட்ட முடியும். அந்த பிளான் போடும்போதே லாஷிங் போற இடத்தையும் வரைஞ்சு அனுப்புங்க.

வயரை மடக்கி வளையமாக்குற கண்ணுல புல்டாக் கிளிப் போட்டு முடுக்குறது பாக்க சின்ன வேலை. பாரம் தாங்குற வயருப் பக்கம் சேணம் வரணும், முடிஞ்சு போற முனைப் பக்கம் யூ-போல்ட் வரணும். மாத்திப் போட்டா யூ-போல்ட் பாரம் தாங்குற வயரையே நசுக்கி வெட்டும், ஒண்ணு இப்படி ஒண்ணு அப்படின்னு மாத்தி மாத்திப் போட்டாலும் அதே கதைதான். நடுராத்திரி மழையில ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில ஸ்பேனரு வெச்சுக்கிட்டு, பன்னெண்டு மணி நேரமா கார்கோ வாட்ச் நின்ன பையன் போடும்போது எத்தனை கிளிப் சரியா விழும்னு நினைக்கிறீங்க?

எங்களுக்கு பத்தாம போறது அந்த நேரம்தான். 24 மணி நேரத்துல 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாள்ல 77 மணி நேரம், இது சட்டம், ஷீட்ல எல்லாம் சரியா நிரப்பித்தான் அனுப்புறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு கடைசி லிஃப்ட் முடியும், ஏழரைக்கு கப்பலை வெளிய கொண்டு போற பைலட் வந்துடுவாரு. ஒன்றரை மணி நேரத்துல டெக்குல ஏழெட்டு மிஷினைக் கட்டணும், அதே ஆளுங்கதான் ஹேட்ச் மூடணும், கிரேன் மடக்கணும், அதே ஆளுங்கதான் முன்னாடியும் பின்னாடியும் கயித்தை அவுக்குற மூரிங் ஸ்டேஷனுக்குப் போகணும். அப்போ என்ன ஆகுது, ஒரு மிஷினுக்கு நாலு செயின் மட்டும் போட்டுட்டு மீதியை வெளிய போய் போட்டுக்கலாம்னு முடிவாகுது. தூத்துக்குடில இருந்து கிளம்பி மேற்க திரும்புற கப்பலுக்கு ஜூன், ஜூலைல கன்னியாகுமரியைத் தாண்டுன உடனே அரபிக்கடல் ஸ்வெல்லு நேரா வந்து அடிக்கும், வெளிய போய் போட்டுக்கலாம்ங்கற அந்த வெளியங்கற இடம் அங்க கிடையவே கிடையாது.

நான் இருந்த ஒரு கப்பல்ல இதுதான் நடந்துச்சு. கம்பெனி பேரு, துறைமுகம் பேரு வேண்டாம். பெட்டி ஒண்ணு பாதி கட்டுல இருக்கு, பிரேக்வாட்டரைத் தாண்டியாச்சு, டெக்கு நனைஞ்சு கிடக்கு, அடியில பலகை ஒரு பக்கம் மட்டும்தான் போட்டிருந்தது. முதல் பெரிய ரோல்ல பெட்டி ஒரு முழம் நகந்துச்சு, அவ்வளவுதான், ஒரு முழம். அதுக்கும் டெக்கு ஓரச் சுவரான பல்வார்க்கோட முட்டுக்கும் நடுவுல எங்க ஓ.எஸ். பையனோட கணுக்கால். கப்பலைத் திருப்பி அவனை இறக்குனோம், காலை எடுக்கல, ஆனா அவன் திரும்ப கப்பல் ஏற முடியல, இப்போ ஊர்ல செல்ஃபோன் கடை வெச்சிருக்கான். விசாரணை ரிப்போர்ட்ல எழுதுன காரணம், அந்தப் பையன் ஆபத்தான இடத்துல நின்னான்ங்கறது. அவனை அங்க நிக்க வெச்சது யாரு, எதுக்கு அந்த நேரத்துல லாஷிங் நடந்துச்சுங்கற கேள்வி அந்த ரிப்போர்ட்டுலயே இல்ல. எனக்கு இன்னும் அது ஆறல சார்.

வண்டிங்களை நேரா ஓட்டி ஏத்துற ரோ-ரோ கப்பலுக்கு சோலாஸ் ஆறாம் அத்தியாயத்துல தெளிவா இருக்கு, பெர்த்தை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லா லாஷிங்கும் முடிஞ்சிருக்கணும்னு. எங்க மாதிரி கப்பலுக்கு பயணம் முழுக்க கார்கோ செக்யூரிங் மேனுவல்படி கட்டியிருக்கணும்னு அதே இடத்துல சொல்லுது. பயணம் முழுக்கன்னா கடைசி கயிறு வந்த நிமிஷத்துல இருந்துதானே? அப்போ எங்களுக்கும் அர்த்தம் ஒண்ணுதான், அதை ஒரு சர்க்குலரா எழுதி எல்லா கேப்டனுக்கும் அனுப்புங்க, லாஷிங்குக்காக பைலட்டைத் தள்ளிப் போட்டா ஆபீஸ் கேள்வி கேக்காதுன்னு எழுத்துல கொடுங்க. கேப்டனுக்கு மனசு இல்லாம இல்ல, ஏன் லேட்டுன்னு வர்ற அந்த ஒரு மெயிலுக்குத்தான் பயப்படுறாங்க. அவசரம்னா கரையில இருந்து வர்ற ஷோர் லாஷிங் கேங்கைப் போடுங்க, காசு கொடுத்து வேலை வாங்குங்க, ஆனா அவங்க கட்டுனதையும் எங்க சீஃப் ஆபீசர் பாத்து கையெழுத்து போட்ட பிறகுதான் கப்பல் நகரணும்.

கிளம்புன பிறகும் வேலை தீராது. டயர் வண்டின்னா காத்து குறைஞ்சோ ஸ்ப்ரிங் அமுங்கியோ செயின் தளரும், அதனால சேசிஸ்ல கட்டி அடியில கட்டை முட்டு கொடுக்கணும். எக்ஸ்கவேட்டருக்கு மேல் பாகம் சுத்தாம லாக் போடணும், பக்கெட்டை பலகை மேல இறக்கி உக்கார வெக்கணும், ஹைட்ராலிக்கை நம்பி பூமைத் தூக்கி நிறுத்தி வெக்கக்கூடாது. கட்டை முறுக்கி இறுக்குற டர்ன்பக்கிள் இருக்கே, என்ஜின் அதிர்வுலயே ராத்திரியோட ராத்திரியா தானா சுத்தி கழண்டுக்கும், லாக் நட்டு போடணும், இல்லைன்னா கம்பியால கட்டி வெக்கணும். முதல் நாள் ரெண்டு மூணு தடவை சுத்தி வந்து இறுக்கணும், மோசமான கடல் வரப்போகுதுன்னு தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே இறுக்கணும், வந்த பிறகு டெக்குக்கு ஆளை அனுப்பாதீங்க. அப்படி அனுப்பித்தான் ஆகணும்னா பிரிட்ஜ்ல கப்பலைத் திருப்பி வேகத்தைக் குறைச்ச பிறகு அனுப்புங்க.

கனமான சாமானை கீழ ஏத்திட்டு சாஞ்சா நிமித்துற பலத்தைக் காட்டுற ஜி.எம். ரொம்ப கூடிப்போன கப்பல் வெடுக் வெடுக்குனு உருளும், அப்போ கட்டுல வர்ற இழுவை சாதாரண அட்டவணையில இருக்குறதை விட அதிகம். அனெக்ஸ் 13ல அந்த அட்டவணையே 100 மீட்டர் நீளம், 15 நாட் வேகம்னு வெச்சுப் போட்டது, அதுலயே டெக்குல பக்கவாட்டு இழுவை எடையில 60லிருந்து 75 சதவீதம் வரைக்கும் வருது, காத்தும் அலையும் தனி. நம்ம கப்பலுக்குத் திருத்தி போட்ட கணக்கை சீஃப் ஆபீசர் எங்களுக்கு டூல்பாக்ஸ் மீட்டிங்ல தமிழோ இந்தியோ தகலோகோ, எங்களுக்குப் புரியற பேச்சுல சொல்லட்டும், எட்டு செயின் ஏன், ஆறு ஏன் பத்தாதுன்னு தெரிஞ்சவன் ஒரு செயினை விட மாட்டான்.

வெல்டிங் பத்தி ஒரே வரி: ஸ்டாப்பர் வெல்டு பண்ற இடத்துக்கு அடியில என்ன டேங்க் இருக்குன்னு பாக்காம ஹாட் ஒர்க் பெர்மிட்ல கையெழுத்து வாங்காதீங்க.

போசனோ ஏ.பி.யோ, நேத்து ஏறுன ஓ.எஸ். பையனோ, யாரு நிறுத்துன்னு கை காட்டுனாலும் லிஃப்ட் நிக்கணும், காரணத்தை அப்புறம் கேளுங்க. தூக்குற சாமான் சுத்தாம பிடிக்கிற டேக் லைன் கயித்தைக் கையில சுத்திக்கிட்டு நிக்கிற பையனைப் பாத்து நான் நிறுத்துனா எவ்வளவு நேரம் வேஸ்ட்டுன்னு கணக்கு போடுற ஃபோர்மேனை நான் சமாளிச்சுக்குவேன், ஆபீஸ் என் பக்கம் நிக்குதுன்னு தெரிஞ்சா போதும்.

சூப்பிரண்டெண்ட் சார், அடுத்த தடவை கப்பலுக்கு வரும்போது ஃபைல் திறக்குறதுக்கு முன்னாடி பாய்லர் சூட்ங்கற வேலை உடுப்பைப் போட்டுக்கிட்டு என்னோட லாஷிங் ஸ்டோருக்கு வாங்க. எஸ்.டபிள்யூ.எல்.லும் இல்லாம எம்.எஸ்.எல்.லும் இல்லாம நம்பர் அழிஞ்சு போன ஷாக்கிளை எல்லாம் ஒரு டிரம்முல தனியா போட்டு வெச்சிருக்கேன், சர்ட்டிபிகேட்டோட ஒத்துப்போகாததை அங்கேயே கழிச்சுக் கட்ட கையெழுத்து போடுங்க. 13 மில்லிமீட்டர் செயினும் டென்ஷனரும் டன்னேஜ் பலகையும் கேட்டு அனுப்பின இண்டெண்ட் இன்னும் பெண்டிங்ல நிக்குது, அதை அடுத்த லோடிங் துறைமுகத்துக்கு முன்னாடி அனுப்பி வெச்சிடுங்க.

இப்படிக்கு,
ஒரு போசன்,
தூத்துக்குடி